ஏரிக்கரைப் பாடசாலை

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரையில் உலாவி, ஊர் முழுவதையும் பார்த்துவிட்ட திருப்தியோடு ரயிலேறிவிடுகிறார்கள். மேற்கே பத்துக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள வில்லியனூரையும், தென்மேற்கே இருபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள பாகூரையும் நாடிச் செல்வோர் சிலரே. நெல்லும் நீரும் நிறைந்த இந்தக் கொம்யூன்கள் கண்ணுக்கு விருந்து என்பது ஒரு புறமிருக்கட்டும். சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் பொறுப்புள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பிரதேசம் இது.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் பிரசித்தமானது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து இக்கோயில் தேரின் வடத்தைப் பிடித்தார் என்பதை ஊரார் இன்றும் பெருமையுடன் சொல்கிறார்கள். அதற்குக் குறையாத புகழ் வாய்ந்தது இவ்வூர்ச் சுடுமண் கைத்தொழில். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. வடக்கே சென்றால், புதுவையின் மிகப் பெரிய ஏரியாகிய ஊசுடு. 2008-ஆம் வருஷத்தில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் நாரையும், நீர்க்காகமும், நாமக்கோழியும் அங்கே கூட்டங் கூட்டமாக வந்து இறங்குகின்றன.

மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிடச் சிறந்த சித்திரப் புத்தகம் வேறு உண்டோ? களிமண்ணைப் பிசைந்து உருட்டும் விரல்கள், பின்னால் எழுதுகோலைப் பிடிப்பதற்கு வேண்டிய வலிமையைப் பெறுகின்றன. புளியங்கொட்டையைப் பெரிது சிறிதென்று பிரித்து வைக்கும் குழந்தை, தன்னை அறியாமலே கணக்கின் வாசற்படியில் கால் வைக்கிறது. எந்தப் பறவை கத்தியது என்று காது கொடுத்துக் கேட்கும் பழக்கம், எழுத்துக்களின் ஒலி வேற்றுமையை அறியவும் உதவும். வரப்பின்மீது விழாமல் நடப்பதுகூட ஒரு பாடந்தான்.

ஆனால் இத்தனை செல்வத்தையும் வெளியே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு சுவர்களுக்குள் குழந்தைகளைக் கைகட்டி உட்கார வைப்பது நாகரிகமாகிவிட்டது. தூக்கம் கலையாத கண்களுடன் வண்டியில் அடைபட்டுப் பக்கத்து ஊருக்குப் போகும் குழந்தை, வழியிலுள்ள வயலில் முளைத்திருப்பது எதுவென்று அறியாது. பெற்றோர்மீது குற்றமில்லை, தம் பிள்ளைகள் நான்கு பேரைப்போல் முன்னுக்கு வரவேண்டுமென்பதே அவர்கள் ஆசை. வெளியே விளையாடுவது படிப்பாகாது என்று அவர்கள் எண்ணுவதுதான் சங்கடம்.

உண்மையில், ஜெர்மனியில் பிரோபெல் என்ற அறிஞர் 1840-இல் பாலர் பள்ளிக்கு இட்ட பெயரே ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படுவது. நமது நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் மகாராஷ்டிரக் கரையோரத்துப் போர்டி கிராமத்தில் பாலர் கல்வி நிலையம் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது, அவர்கள் குடியிருப்பின் முற்றத்திற்கே பள்ளி சென்றது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்காக மேய்ச்சல் வெளியிலும் பாடம் நடந்தது. ‘ஆங்கன்’ என்றால் முற்றம். 1975, அக்டோபர் 2-இல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தின் அங்கன்வாடிகள் தாங்கி நிற்பதும் அந்தப் பெயரையே. பெயரில் இருக்கும் முற்றம் நடைமுறையிலும் இருக்க வேண்டாமா?

இனி, பாகூருக்குச் செல்வோம். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது இவ்வூர். பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து இங்குள்ள பெரிய ஏரியை நிரப்புகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. உயர்கல்விக்காக அன்று மூன்று கிராமங்களைக் கொடுத்தார்கள். பாலர் கல்விக்கு இன்று நாம் கேட்பது ஒரு மரத்து நிழலும், காலையில் ஒரு மணி நேரமுமே!

தண்ணீர் ஆபத்து, பாம்பு வரும், வெயில் சுடும் என்று தாய்மார்கள் அஞ்சுவது நியாயமே. எடை பார்ப்பது, உணவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது என்று ஏற்கெனவே பல சுமைகளைச் சுமக்கும் அங்கன்வாடி ஊழியர் ஒருவரே இருபது குழந்தைகளை வெளியே மேய்த்துவிட முடியாது. ஆகையால் நீரோரத்தை விட்டு விலகி, வேலியிட்ட தோப்பொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். ஊரிலுள்ள பாட்டிமார் இருவர் முறை வைத்துத் துணைக்கு வரலாம். செடியின் பெயரும் பறவையின் பெயரும் அவர்களுக்கன்றோ தெரியும்? மூன்று வயது முதல் விளையாட்டின் மூலமே கற்பிக்க வேண்டுமென்று 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது.

இதில் படிப்பு மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. இன்று நான்கு வயதாகும் குழந்தைதான் இன்னும் இருபது வருஷத்தில் இந்த ஏரிகளுக்குச் சொந்தக்காரன். பெயர் தெரியாத பறவைக்காகவும், கால் நனைக்காத வாய்க்காலுக்காகவும் எவன் வழக்காடப் போகிறான்?

பாகூர் செல்லும் நேயர்கள் மூலநாதரைத் தரிசித்தபின் ஏரிக்கரையிலும் சற்று நடக்கட்டும். ஒரு குழந்தையையும் கூட அழைத்துச் செல்லட்டும். அது கேட்கும் கேள்விகளில் பாதிக்கு நமக்கே பதில் தெரியாதென்பது அப்போது விளங்கும்.