வால்துனிக்கரைக் குறிப்புகள்

27 ஜூலை 2019, சனி

விடியும்போதே கரண்ட் இல்லை. வாங்கணிக்கும் பத்லாபூருக்கும் நடுவில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நிற்கிறது. ஆயிரத்துக்கும் மேல் ஜனம் உள்ளே. அங்கே பெருகியது உல்லாஸ் நதி, இங்கே அம்பர்நாத்தில் வால்துனி. பத்லாபூர் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான், இருந்தும் செய்தியை ஃபோனில்தான் பார்க்க முடிந்தது. கீழ்ச்சந்தில் இடுப்பளவு தண்ணீர். தரைத்தளத்துக் குடும்பங்கள் எங்கள் ஹாலில் இருக்கின்றன. அம்மா ஒரு பெரிய குண்டானில் ரசம் வைத்தாள். பிற்பகலுக்குள் ரயிலில் இருந்த எல்லோரையும் மீட்டுவிட்டார்களாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

28 ஜூலை

சேறு. நாற்றம். எழுத ஒன்றுமில்லை.

30 ஜூலை, செவ்வாய்

லேப்டாப்பைத் திறந்தேன். கொஞ்ச நாளாகவே என் வேலை இந்த வால்துனி ஆற்றின் மேல்தான்: சந்துக்குக் கீழே இருக்கும் மூன்று கண் பாலத்தை ஹெக்-ராஸ் என்ற ஆற்றோட்ட மென்பொருளில் ஏற்றி, வெள்ளம் எவ்வளவு உயரும் என்று சொல்ல வேண்டும். பாலம் ஆற்றுக்கு நேர்குறுக்காக இல்லாமல் சாய்வாகக் கிடக்கிறது. சாலை போன போக்கில் கட்டிவிட்டார்கள். சுவர் மாதிரியான இரண்டு தூண்களும் சாலைக்குச் செங்குத்து, தண்ணீரின் திசையில் இல்லை.

மென்பொருள் ஒரு கேள்வி கேட்கிறது: கோணம் என்ன? அந்த எண்ணைக் கொடுத்தால் பாலத்தின் நீளத்தைக் கொசைனால் பெருக்கிச் சுருக்கிவிடும். ஆறு பார்ப்பது பாலத்தின் முழு நீளத்தை அல்ல, தன் ஓட்டத்துக்குக் குறுக்கே விழும் பங்கை மட்டும்தான். தூணோ நேர்மாறாக வளரும். கோணம் கூடக்கூட அதன் பக்கவாட்டு நீளமும் தண்ணீருக்கு எதிரே வந்து நிற்கும். டிராயிங்கில் 25 பாகை என்று இருக்கிறது. செம்பூர் ஆபீசில் சீனியர் சொல்லியாகிவிட்டது: "அதையே போடு, வெள்ளிக்கிழமைக்குள் முடி."

போட்டேன். ரன் சுத்தமாக ஓடியது. அது காட்டிய நீர்மட்டம் கீழ்ச்சந்துச் சுவரில் இருக்கும் சேற்றுக்கோட்டுக்கு வெகு கீழே.

31 ஜூலை

ஆடி அமாவாசை. அம்மா அப்பாவுக்குப் படையல் போட்டாள். நான் சுவர்க்கோட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

1 ஆகஸ்ட், வியாழன்

பாலத்துக்குப் போனேன். கைப்பிடிக் கம்பியெல்லாம் ஆகாயத்தாமரை, கிழிந்த புடவை, பால் கவர். ஆனால் சமமாக இல்லை, ஒரு மூலையில் மலைபோல் குவிந்திருக்கிறது, மறு மூலை சுத்தம். தூண்களிலும் குப்பை முகப்பில் இல்லை, முழுக்க ஒரு பக்கவாட்டில்.

ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற திருநெல்வேலி மாமா ஒருவர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர் நின்றார். "ஏம்மா, என்னத்த அளக்குற?"

சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு மேல்பக்கத்து மைதானத்தைக் காட்டினார். "தண்ணி கொஞ்சமா வரையில அந்த வளைவச் சுத்தி ஒழுங்கா வரும். கூடிட்டுன்னா வளைவு கிளைவு பாக்காது. மைதானத்த அறுத்துக்கிட்டு நேரா பாயும். ரெண்டாயிரத்தஞ்சுலயும் அப்படித்தான் வந்துது."

மைதானத்தில் புல் படிய வாரிய தலைமயிர் போல ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது. ஃபோன் காம்பஸை வைத்துப் பார்த்தேன். பாலத்தின் செங்குத்துக்கும் அந்தத் திசைக்கும் நாற்பது பாகைக்குப் பக்கம். மாமா வீட்டுக்குப் போகச் சொன்னார். மழை தூறத் தொடங்கியிருந்தது.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. அம்மா சித்ரான்னம் கிளறினாள். திருவையாற்றில் பிறந்தவளுக்கு இந்த நாளில் ஒரு ஆறு வேண்டும். வால்துனியில் கால் வைக்க முடியுமா, ஆலைக்கழிவு கலந்த கறுப்பு நீர். அம்பரேஸ்வரர் கோயில்வரை நடந்தோம். 1060ல் கட்டிய கோயில், அதே ஆற்றங்கரை, கருவறை படியிறங்கிப் போகும் பள்ளத்தில். அம்மா தூரத்தில் நின்றே ஆற்றைக் கும்பிட்டாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது.

4 ஆகஸ்ட்

மறுபடி கொட்டுகிறது. ரயில் இல்லை.

7 ஆகஸ்ட், புதன்

கையாலேயே கணக்குப் போட்டேன். பாலம் 30 மீட்டர். தூண் 7.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் தடிமன். 25 பாகையில் பாலம் 27.2 மீட்டராகிறது, தூண்கள் இரண்டும் 8.2 அடைக்கின்றன, வழி 19 மீட்டர். 40 பாகையில் பாலம் 23, தூண்கள் 11.2, மிச்சம் 11.8. முப்பது மீட்டர் பாலத்தில் பன்னிரண்டு கூட இல்லை!

இதையும் முழுசாக நம்ப முடியாது. இந்தச் சுருக்கும் முறைக்கு ஆதாரமான பிராட்லியின் 1978 கையேடு, கோணம் சுமார் 30 பாகைவரைதான், அதுவும் ஓட்டம் அதிகம் நெருக்கப்படாத இடத்தில்தான், இது போதும் என்கிறது. இங்கே இரண்டும் மீறியாகிவிட்டது. இரு பரிமாண வலையில் ஓட்டினால் தண்ணீரின் திசை தெரியும், ஆனால் கையிலிருக்கும் 5.0.7 பதிப்பில் அந்த வலைக்குள் பாலத்தைப் பாலமாக வைக்க முடியாது. ஆகவே அங்கே திசையைப் பார்த்து, ஒரு பரிமாணக் கணக்கில் கோணமாகக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வெள்ள அளவுக்கும் தனித்தனியாக.

சீனியரிடம் ஃபோனில் சொன்னேன். "பாலம் ஒன்று, கோணம் பத்தா?" என்றார். ஆமாம் சார் என்றேன். கோபப்பட்டார். எனக்கும் கோபம்தான். அந்தச் சுவருக்குப் பின்னால் ஆட்கள் தூங்குகிறார்கள்.

8 ஆகஸ்ட்

தரைத்தளத்துக்காரர்கள் வீட்டைக் கழுவிக் குடிபோனார்கள்.

10 ஆகஸ்ட்

இரண்டு கணக்கையும் அனுப்பினேன். அறிக்கையில் ஒரு எண்தான் போக வேண்டும் என்று பதில். 40ஐ நிலைநாட்ட மைதானத்தின் நிலமட்டம் வேண்டும், நம்மிடம் இருப்பது ஆற்றின் குறுக்குவெட்டு மட்டும். சர்வேக்காரரைக் கூப்பிட்டேன். சேறு காய வேண்டும், எப்படியும் கணபதி விழா முடிந்துதான் வர முடியும் என்கிறார்.