ரிடக்‌ஷன் நோட்டு

கார்த்திகை மாதம், 1971. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஏழரைக்கு விடுதியில் சாப்பாட்டு மணி அடித்ததும் அறை அறையாகப் பையன்கள் தட்டும் தம்ளருமாகக் கிளம்புவார்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். யாராவது கேட்டால் வயிறு சரியில்லை என்பேன், விரதம் என்பேன், சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டாயிற்று என்பேன். காலையில் ஒரு டீயும் பன்னும். மத்தியானம் ஒன்றும் கிடையாது. ராத்திரி ஒரு பொட்டலம் பொரிகடலை. இப்படிப் பதினோரு நாள் ஓட்டினேன்.

மாத மெஸ் பில் 65 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். இரண்டு மாதம் பாக்கி. ஊரிலிருந்து மணியார்டர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குச் சாத்தூர்ப் பக்கம் கரிசல் காடு, மானாவாரிப் பருத்தி. ஐப்பசியில் விதைப்பு நடந்தால் வீட்டில் இருக்கிற கடைசி ரூபாய்வரை மண்ணுக்குள் போய்விடும். அது பஞ்சாகத் திரும்பி வர மாசி, பங்குனி ஆகும். நடுவில் இருக்கிற கார்த்திகையும் மார்கழியும் எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்கிற மாதங்கள். விடுதிக்கோ ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை காசு பார்க்கிற குடும்பத்திலிருந்து மாதம் தவறாமல் காசு கேட்கிற இடத்துக்கு வந்திருந்தேன்.

அப்பாவிடமிருந்து கடைசியாக வந்த மணியார்டரின் அடிச்சீட்டில் நான்கு வரி இருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரின் கையெழுத்து. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், இங்கே எல்லோரும் நலம், உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகப் படி. அந்தச் சீட்டைக் கால்குலஸ் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

பட்டினிக்கு நான் போட்ட கணக்கு இதுதான்: மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள் சாப்பிடாவிட்டால் பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மாதம் முடிந்து நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். விரலை வைத்து என் பெயரைத் தேடினேன். மூன்று வேளையும் சாப்பிட்ட என் அறை நண்பனுக்கு எவ்வளவோ, எனக்கும் அதேதான். பைசா பிசகவில்லை.

எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று நேரே சமையற்கட்டுக்குப் போனேன். மாஸ்டர் அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், முழங்கைவரை தழும்புகள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, ரிடக்‌ஷன் நோட்டுல எழுதினீங்களா?" என்றார். அப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. ஸ்டோர் ரூம் வாசலில் ஆணியில் சணல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளோ அதற்கு மேலோ சாப்பிட வராதவர்கள் முதல் நாளே பெயர், அறை எண், தேதி எல்லாம் அதில் எழுதிவிட வேண்டும். எழுதினால் அத்தனை நாள் கழியும். எழுதாவிட்டால் கழியாது.

"நீங்க வரலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கும் சேத்துத்தானே உலை வச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தாங்க மாட்டாமல் சொன்னார். பிறகு ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றி என் கையில் கொடுத்தார். அங்கேயே, விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பதினோரு நாளை நினைத்து எனக்கு வருத்தம்தான் வருகிறது. பசியால் வந்த வருத்தம் என்று மட்டும் சொல்ல முடியாது. நான் பட்ட அத்தனையும் யாருக்கும் தெரியாமல், எனக்கும் பிரயோசனப்படாமல் வீணாய்ப் போயிற்று. சொல்லியிருந்தால் அது ஒரு கோரிக்கை ஆகியிருக்கும், ஒரு ஏற்பாடு பிறந்திருக்கும். சொல்லாததால் வெறும் பட்டினியாகவே முடிந்தது. பிற்பாடு 33 ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன், அதில் ஒன்பது ஆண்டுகள் விடுதியில் துணைக் காப்பாளராக இருந்தேன். படிப்பை நிறுத்திவிட்டுப் போன பிள்ளைகளில் பலர் பணம் இல்லை என்பதற்காக மட்டும் போகவில்லை. பணம் இல்லை என்று சொல்ல வாய் வராமல் போனார்கள்.

அன்று சாயங்காலமே மாஸ்டர் என்னைக் காப்பாளரிடம் கூட்டிப்போனார். "இந்தத் தம்பி கணக்குப் படிக்கிறவரு. மாசக் கடைசியில டிவைடிங் போட நமக்கு ஆள் வேணும்ல" என்று மட்டும் சொன்னார். என் பட்டினியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாசூக்குக்காக அவரை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மூன்று ராத்திரி, அரிசி, பருப்பு, விறகு, பால், காய்கறி பில்களை எல்லாம் கூட்டி, எல்லாருடைய சாப்பாட்டு நாட்களின் மொத்தத்தால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கண்டுபிடிப்பேன். இரண்டு ரூபாய் சொச்சம் வரும். அதற்குக் கூலியாக என் பில்லில் பாதியைத் தள்ளிக்கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க அவர் பேசவில்லை. மறுநாள் காட்டில் பருத்திச் செடிகளுக்கு நடுவே நின்றபடி, "ஒரு வார்த்தை எழுதியிருந்தா அந்த வெள்ளாட்டை அன்னைக்கே வித்திருப்பேனேய்யா" என்றார். அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. எனக்கு முந்திய தடவை அனுப்பிய பணமே அவர் கந்து வட்டிக்கு வாங்கியது. எல்லோரும் நலம் என்று வாத்தியாரை எழுதச் சொன்ன நேரத்தில் வீட்டில் அம்மாவின் தோடு அடகில் இருந்தது. என்னிடம் அவர் மறைத்தார், அவரிடம் நான் மறைத்தேன். இரண்டு பேரும் பாசத்தால்தான் மறைத்தோம். நடுவில் வட்டி வளர்ந்தது.

வகுப்பில் எண்ணியல் நடத்தும்போதெல்லாம் ராமானுஜன் வாழ்க்கையில் இரண்டு இடங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் போகாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். கட்டணத்துக்கு வழியில்லை. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். காகிதம் வாங்க முடியாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தவர் அவர். இன்னொரு இடம் 1910. நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். அந்தச் சந்திப்பிலிருந்து ஒருவர் இன்னொருவரிடம் அனுப்ப, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். அவர் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை, 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. ஓடிப்போனவரும் அவர்தான், கேட்கப் போனவரும் அவர்தான். நடுவில் ஐந்து வருஷம், அதில் உடம்பும் கெட்டது. அந்த ஐந்து வருஷம் எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது என்பதே என் ஆசை.

இன்றைக்குக் கேட்பதற்கு இடங்கள் கூடியிருக்கின்றன. ரிடக்‌ஷன் நோட்டும் பல பெயர்களில் பல வாசல்களில் தொங்குகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாமல் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்புக்கு வருபவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. இதற்கெல்லாம் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று என்று காகிதம் வேண்டும். அவற்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வைப்பது நல்லது. கட்டணத் தேதி நெருங்கிய பிறகு தாலுகா ஆபீஸுக்கு அலைந்து அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெண், கோவையில் படிக்கிறவள், நாலு மாதமாக ஆயிரம் ரூபாய் வரவில்லை, தனக்கு மட்டும் நிறுத்திவிட்டார்கள் போல என்று நினைத்துச் சும்மா இருந்தாள். மாதக் கடைசியில் கான்டீன் பக்கமே போகாமல் இருந்திருக்கிறாள். லீவுக்கு வந்தபோது அவள் அம்மா பேச்சுவாக்கில் சொல்ல, நானும் அவளும் வங்கிக்குப் போனோம். இந்தப் பணம் நாம் எழுதிக்கொடுத்த கணக்குக்கு வராது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அதற்குத்தான் போகும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வேறொரு வங்கியில் தொடங்கி, அவளே மறந்துவிட்ட கணக்கில் நாலு மாதப் பணமும் பத்திரமாக இருந்தது. பாஸ்புக்கை மெஷினில் விட்டு வரி வரியாக அச்சாகி வந்ததைப் பார்த்து அந்தப் பெண் அழுதுவிட்டாள். எனக்கு அந்த நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்தது.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்விக் கடன் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று இன்னும் நினைக்கிறார்கள். நாலு லட்சம்வரை வங்கிகள் சொத்து ஈடு கேட்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ உடன் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம்வரை தவணை தொடங்காது, அதுவரை தனி வட்டிதான். அந்த வட்டியை மாதா மாதம் முடிந்த அளவு கட்டி வந்தால் பின்னால் சுமை குறையும். வங்கி மேலாளர் முதல் தடவை திருப்பி அனுப்பினால் வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள், அது பதிவாக நிற்கும்.

இதற்கெல்லாம் கூச்சப்படும் பிள்ளைகள், யாருக்கும் தெரியாமல் கைபேசியில் ஐந்து நிமிஷத்தில் கடன் வாங்கிவிடுகிறார்கள். என் வயிற்றைக் கலக்குவது அதுதான். ஆளைப் பார்க்க வேண்டாம், கேட்க வேண்டாம், வெட்கமில்லை. ஒரு வாரத்தில் அந்தச் செயலிக்காரன் போனில் இருக்கிற சித்தப்பா, பெரியம்மா, வகுப்புத் தோழி எல்லாருக்கும் போன் போட்டு மானத்தை வாங்குவான். கடன் செயலிகள் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியாயிற்று. கள்ளச் செயலிகள் அதை மதிப்பதில்லை. அதில் மாட்டிக்கொண்ட பிள்ளை யாராவது இதைப் படித்தால், கண்ணு, உயிரை விடுகிற விஷயமில்லை இது. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணு. வீட்டில் சொல். திட்டினால் திட்டட்டும்.

வேலை பார்த்துப் படிப்பது நல்லதுதான், எனக்கு அது சோறு போட்டது. டியூஷன் எடுக்கலாம், விடியலில் பேப்பர் போடலாம். முகூர்த்த நாளில் கேட்டரிங் பரிமாறப் போகிற பையன்கள் ராத்திரி ஒரு மணிக்குத் திரும்பி வந்து முதல் பீரியடில் தலை சாய்ப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அபராதம், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. சம்பாதித்த காசு அதிலேயே போய்விடும். எந்த மாதம் எத்தனை நாள் போகலாம் என்று காலண்டரைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

1994-ல் நான் துணைக் காப்பாளராக இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி மாடிப்படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லையா என்றேன். "விரதம் சார்" என்றான். புதன்கிழமையும் அங்கேயே இருந்தான். வியாழக்கிழமை எதுவும் கேட்காமல் அவனை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய், ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பாக்கியை மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு முதல்வருக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். பாதியில் தட்டு வந்தது. "முடிச்சிட்டுச் சாப்பிடறேன் சார்" என்றான். சாப்பிட்டுவிட்டு எழுது என்றேன். அவசர அவசரமாகச் சாப்பிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் வந்து மீதியை எழுதினான். தாளின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சாம்பார் மஞ்சள் ஒட்டிவிட்டது. வேறு தாளில் எழுதட்டுமா என்று பதறினான். வேண்டாம் என்று அந்த மஞ்சளுக்குப் பக்கத்திலேயே பரிந்துரைக் கையெழுத்துப் போட்டு மறுநாள் காலையில் முதல்வரின் மேசையில் வைத்தேன்.