பாறைக்குழி மேல வீடு

ரெண்டு மாசமா எங்க ஊருல நாலு பேரு சேர்ந்தா பாறைக்குழிப் பேச்சுதானுங்க. டீக்கடை, பால் சொசைட்டி, ரேசன் கடை வரிசை, எழவு வீட்டுலகூட அதே பேச்சு. பத்துப் பன்னண்டு வருசமா சும்மா கெடக்கற குழியை வெளியூர்க்காரங்க வாங்கியிருக்காங்களாம். அதைத் தூர்த்து சைட் பிரிச்சு, வீடும் கட்டிக் குடுக்கப் போறாங்களாம். சர்வே கல்லு நட்டு, செகப்புத் துணியும் கட்டியாச்சு.

திருப்பூர், பல்லடம் பக்கம் இருக்கறவங்களுக்குப் பாறைக்குழின்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்றேன். கல்லு உடைச்சு, ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் அனுப்பி முடிச்ச பிறகு மிச்சம் நிக்கற பள்ளம். எங்க ஊருக் குழி சுமார் 4 ஏக்கர். ஆழமான எடத்துல 90 அடி இருக்கும். படிப்படியா வெட்டியிருக்கறதால சராசரியா 60 அடின்னு வெச்சுக்கலாம்.

இந்தக் கணக்கை ஒரு நாள் ராத்திரி மோட்டார் ரூம்ல உக்காந்து போட்டுப் பாத்தேன். 4 ஏக்கர்னா 1,74,240 சதுர அடி. 60 அடி ஆழத்துக்கு ஒரு கோடியே நாலு லட்சம் கன அடி. ஒரு டிப்பர்ல மூணு யூனிட், அதாவது 300 கன அடி மண்ணு வருதுன்னா கிட்டத்தட்ட 35 ஆயிரம் லோடு. ஒரு நாளைக்கு 50 லோடு ஓட்டினாலும் ரெண்டு வருசம் ஆகும். இப்ப ஒரு லோடு நல்ல மண்ணு என்ன வெலைக்கு விக்குதுன்னு வீடு கட்டினவங்களைக் கேளுங்க. 35 ஆயிரம் லோடு செம்மண்ணை யாராவது காசு குடுத்து வாங்கிக் கொட்டுவாங்களா? அப்ப வேற என்ன வந்து விழும்? இடிச்ச கட்டடத்துக் கழிவு, பனியன் வேஸ்ட்டு, பவுண்டரி மண்ணு, ஊருக் குப்பை. காசு குடுத்து வாங்கறதுக்குப் பதிலா, கொட்டறவன்கிட்டயே காசு வாங்கிக்கலாம். திருப்பூர்க் குப்பை பாறைக்குழிகளுக்குப் போனதையும், முதலிபாளையம் பக்கத்து ஜனங்க போராடினதையும் பேப்பர்ல எல்லாரும் படிச்சதுதான்.

சரி, நல்ல மண்ணே போட்டாங்கன்னு வெச்சுக்குவோம். எங்க அப்பாரு காலத்துக் கிணறு ஒண்ணு, தண்ணி வத்திப்போனதால நாங்களே தூர்த்தோம். நாற்பது அடிக் கிணறுதான். மண்ணு போட்டு, தண்ணி விட்டு, டிராக்டர் ஏத்தி மிதிச்சு மட்டம் பண்ணினோம். அடுத்த ஐப்பசி மழையில ஒண்ணரை அடி எறங்கிருச்சு. மறுபடி போட்டோம், மறுபடி எறங்குச்சு. இன்னிக்கும் அந்த எடத்துல மாட்டுத் தீவனம் மட்டுந்தான் போடறோம். மண்ணை ஓரடி ஓரடியாக் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கிக்கிட்டே மேல வந்தா நிக்கும்னு இஞ்சினியர் சொல்றாரு. சரிதான். ஆனா 60 அடிக்கு அப்படிச் செய்யறாங்களான்னு பக்கத்துல நின்னு பாக்கப்போறது யாரு? குப்பையா இருந்தா அதுவும் இல்ல. அது மக்க மக்க எறங்கிக்கிட்டே இருக்கும், வாயுவும் வரும். குழி ஓரத்துல சைட் வாங்கினவன் கதி இன்னும் மோசம். பாதி வீடு பாறை மேல, பாதி வீடு கொட்டுன மண்ணு மேல. பாறை அசையாது, மண்ணு எறங்கும். சொவரு என்ன ஆகும்னு சொல்லவா வேணும்.

இனி தண்ணிக் கதைக்கு வரேன். எனக்குச் சொந்த லாபம் இதுலதான் இருக்கு, மறைக்கலீங்க. என் கிணறு அந்தக் குழிக்கு 400 அடி தூரத்துல இருக்கு. குவாரி ஓடுன காலத்துல அவங்க தண்ணிய எறைச்சு வெளிய விட்டாங்க, எங்க கிணறெல்லாம் வத்துச்சு. வெடி வெச்சு வெச்சுக் கிணத்துச் சொவரே வெடிப்பு விட்டுச்சு. குவாரி நின்ன பிறகு மழைத்தண்ணி குழியில நிக்க ஆரம்பிச்சுது. நாலஞ்சு வருசத்துல எங்க கிணத்து மட்டம் மேல வந்துருச்சு. பி.ஏ.பி. வாய்க்கால் தண்ணி முறை வராத மாசத்துலயும் ஒரு ஏக்கர் காய்கறி பாயுதுன்னா அந்தக் குழி புண்ணியந்தான். எங்க பூமி கடும்பாறை. தண்ணி பாறைப் பொளவுலதான் ஓடும். வெடி வெச்ச குழியைச் சுத்திப் பொளவு இன்னும் அதிகம். அந்தப் பொளவு நல்ல தண்ணிக்கு ஒரு வழி, செப்டிக் டேங்க் தண்ணிக்கு இன்னொரு வழின்னு பிரிச்சு விடாது.

தண்ணி கெட்டா என்ன ஆகும்னு நொய்யல் கரைக்காரங்களைக் கேட்டா சொல்லுவாங்க. 2011 சனவரியில சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. உத்தரவு வந்த மறுநாளே கிணத்துத் தண்ணி நல்லதாயிருச்சா? இதே மாதிரிக் குழியை வேற மாதிரியும் பாக்கலாம். சென்னையில மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துல கைவிட்ட கல்குவாரிகள் இருக்கு. 2017 வறட்சியில அங்க நின்ன தண்ணிய செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோயி, சுத்தம் பண்ணி நகரத்துக்குக் குடிக்கக் குடுத்தாங்க. 2019லயும் அந்தத் தண்ணி உதவுச்சு.

இதையெல்லாம் ஊர்க்கூட்டத்துல பேசினேன். பேசி முடிச்சதும் எங்க தோட்டத்துக்குக் களையெடுக்க வர்ற அக்கா எந்திரிச்சு, "உங்களுக்கென்னங்க, தோட்டத்துல வீடு இருக்குது. எங்க வீட்டுல மூணு குடும்பம் ஒரே அடுப்புல பொங்கறோம். வீடு வர்றதை ஏனுங்க தடுக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. ஞாயமான கேள்வி. காலனியில பட்டா கேட்டு மனு குடுத்தவங்க வருசக்கணக்காக் காத்திருக்காங்க. ஆனா இந்த சைட்டு அவங்களுக்கு இல்லைங்க. சென்ட்டு லட்சக்கணக்குல போகும், வாங்கறது வெளியூர்க்காரங்கதான். ரோட்டோரத்துல, கெட்டித் தரையில, அரசாங்கப் பொறம்போக்கு ஒண்ணரை ஏக்கர் கருவேல முள்ளு மண்டிக் கெடக்கு. அதைக் காலனிக்குக் கேட்டு நானும் கையெழுத்துப் போடறேன்னு அங்கேயே சொன்னேன். அக்கா ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டாங்க. நம்பினாங்களான்னு தெரியல.

அதைவிடப் பதில் சொல்ல முடியாத ஒரு பேச்சும் வந்துச்சு. மூணு வருசத்துக்கு முந்தி அந்தக் குழியில குளிக்கப்போன பையன் ஒருத்தன் திரும்பி வரல. அவன் அம்மா கூட்டத்துல கடைசி வரிசையில இருந்தாங்க. "எதை வேணாலும் கொட்டுங்க, மூடுனாப் போதும்"னு சொன்னாங்க. அந்தத் தாயிகிட்டப் போயி நெலத்தடி நீரைப் பத்தி எவன் பேசறது? கல்லு எடுத்து முடிச்சவங்க அன்னிக்கே சுத்தி வேலி போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. லாபத்தை எடுத்துட்டுப் பள்ளத்தை ஊருக்கு விட்டுட்டுப் போனாங்க. இப்ப அந்தப் பள்ளத்தையும் இன்னொருத்தர் லாபமாக்கப் பாக்கறாங்க.

இப்ப வருசத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. அடுத்தது நவம்பர் 1. எதை வெச்சுத் தூர்க்கறீங்க, மண்ணை யாரு சோதிப்பாங்க, சாக்கடை எங்க போகும், இதுக்கு எழுத்துல பதில் வர்ற வரைக்கும் லே-அவுட்டுக்குத் தீர்மானம் போடக்கூடாதுன்னு மனு எழுதியிருக்கோம். இதுவரைக்கும் 63 பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. பொறம்போக்கைக் காலனிக்குக் கேட்கற மனு தனி. குழியைச் சுத்தி இருக்கற ஏழு கிணத்துத் தண்ணியையும் பாட்டில்ல பிடிச்சு, குடிநீர் வடிகால் வாரியத்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் குடுத்திருக்கோம். இன்னிக்குத் தண்ணி எப்படி இருக்குன்னு கையில ஒரு காகிதம் இருந்தாத்தான் நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியும்.

வேலிக்கு யாரையும் எதிர்பாக்கல. போன ஞாயித்துக்கெழமை நாங்க ஒம்பது பேரு போயி, குழிக்குக் கெழக்குப் பக்கம் பசங்க எறங்கற தடத்துல வேலாமுள்ளு வெட்டி அடைச்சிருக்கோம். மேக்குப் பக்கம் இன்னும் பாக்கி. வர்ற ஞாயித்துக்கெழமை அருவாளோட வரக்கூடியவங்க காலையில ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில்கிட்ட வந்துருங்க.