பிரேக் பிடிக்க வேற ஆள் இருக்கு!

சொகுசு ரயில் என்றால் என்ன? ஆபீஸ் கேன்டீனில் கேட்டுப் பாருங்கள். 'பாத்ரூம்ல தண்ணி வரணும் ஸார்' என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். உலகம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் 'ராயல் ஸ்காட்ஸ்மேன்' என்றொரு ரயில் 1985 முதல் ஓடுகிறது. ஏரியையும் மலையையும் ஜன்னலில் பார்த்துக்கொண்டே கோட்டு சூட்டோடு டின்னர் சாப்பிடலாம். நம் ஊரிலும் குறைச்சல் இல்லை. 1982-ல் 'பேலஸ் ஆன் வீல்ஸ்', 2008-ல் கர்நாடகத்தின் 'கோல்டன் சாரியட்', 2010-ல் 'மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ்'. இந்தக் கடைசி ரயிலில் ஓர் அறைக்குள் குளிக்கிற தொட்டியே உண்டு!

டிக்கெட் லட்சங்களில். பி.காம். படித்த பாவத்துக்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தேன். கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஊட்டி ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் போட்டேன். எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.

அப்பா முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். தொப்பூர் கணவாயை எத்தனை தடவை இறங்கியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. மலையைப் பார்த்து 'ஆஹா' சொல்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. மலை என்றால் அவருக்கு ரெண்டாவது கியர். "டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு இறக்கத்துல நியூட்ரல்ல விடுறவன் டிரைவரே இல்ல" என்பதுதான் எனக்குச் சின்ன வயதில் கிடைத்த நீதிபோதனை.

லாரியை விற்று ஏழு வருஷமாகிறது. கால் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு வலது கால் தரையை அழுத்தும். எந்த வண்டியிலும் கண்ணை மூட மாட்டார். வீட்டில் தூங்கும்போதும் சில ராத்திரி அந்தக் கால் ஒரு உதை உதைக்கும். அம்மா பக்கத்து அறைக்கே இடம் மாறிவிட்டாள்.

அரூருக்கு ரயில் கிடையாது. மொரப்பூர் போக வேண்டும், இல்லாவிட்டால் சேலம். நாங்கள் மஞ்சவாடி கணவாய் வழியாக சேலத்துக்கு பஸ் பிடித்தோம். கணவாய் முழுக்க டிரைவரோடு சேர்ந்து அப்பாவும் பிரேக் போட்டார். நள்ளிரவுக்கு மேல் நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது அவர் கண் சிவந்திருந்தது. அதிலும் தூங்கவில்லை.

நீல நிறக் குட்டி ரயிலைப் பார்த்ததும் முதல் சந்தேகம் கேட்டார். "எஞ்ஜின் ஏண்டா பின்னாடி நிக்குது?"

நியாயமான கேள்வி. நீராவி எஞ்ஜின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே குன்னூர் வரை ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டங்கள். எஞ்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏற சுமார் ஐந்து மணி நேரம். "இதுக்கு லோடு லாரியே தேவலை" என்றார் அப்பா. கால் அழுத்திக்கொண்டேதான் இருந்தது.

ஹில்குரோவில் எஞ்ஜின் தண்ணீர் குடிக்க நின்றது. ஜனங்கள் டீ குடித்தார்கள், குரங்குகள் பிஸ்கட் பாக்கெட்டை அபேஸ் செய்தன. அப்பா ரெண்டையும் கவனிக்கவில்லை. பெட்டியின் முகப்பில் நின்றிருந்த பிரேக்ஸ்மேனிடம் போய்விட்டார்.

"ஏந் தம்பி, இறக்கத்துல எப்படிப் புடிக்கிறீங்க?"

"பெட்டிக்கு ஒரு ஆள் இருக்கோம் ஐயா. எஞ்ஜின்லேர்ந்து விசில் வரும். அதுக்குத் தகுந்த மாதிரி அவங்கவங்க பெட்டியில புடிப்போம்."

"ஒவ்வொரு பெட்டிக்குமா?"

"ஆமாங்கய்யா."

அப்பா அந்த பிரேக் கைப்பிடியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் குன்னூர் வரை பேச்சே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஊட்டியிலிருந்து இறங்கினோம். கேத்திப் பள்ளத்தாக்கு பச்சைப் பசேலென்று விரிந்தது. குன்னூரில் டீசல் எஞ்ஜினைக் கழற்றி நீராவி எஞ்ஜினை மாட்டினார்கள். இறக்கம் ஆரம்பித்தது. விசில். வாசலில் பிரேக்ஸ்மேனின் கை அசைந்தது. அப்பாவின் கால் ஒரு தடவை அழுத்தியது. அடுத்த விசிலுக்கு லேசாக. அதற்கடுத்த விசிலுக்கு அசையவில்லை.

"அப்பா, அருவியைப் பாருங்க!" என்று திரும்பினேன்.

வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். இறக்கத்தில், ஓடுகிற வண்டியில்! எதிர் சீட்டு அம்மாள், "இவ்ளோ தூரம் வந்து தூங்குறாரே பாவம்" என்று என்னை எழுப்பச் சொன்னார். நான் எழுப்பவில்லை. அருவி, குகை, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் நான் ஒருத்தனே பார்த்துத் தீர்த்தேன்.

லட்ச ரூபாய் ரயில்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் மெத்தை தருவீர்கள், குளிக்கிற தொட்டி தருவீர்கள். உங்கள் ரயிலில் பிரேக் பிடிக்கிறவர் இருக்கிற இடம் பயணிக்குத் தெரியாது. இங்கே நாலடி தூரத்தில் நிற்கிறார். அப்பாவுக்கு வேண்டியிருந்த சொகுசு அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையத்தில் தோளைத் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அதுக்குள்ள இறங்கிட்டமா?" என்றார். பிளாட்பாரத்தில் பிரேக்ஸ்மேனைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார். "அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வரணும்டா. ஜன்னல் பக்கம் நான் உட்காருறேன். மலை ஏதோ நல்லா இருக்குதாமே!"