தென்னையில் தொடங்கிய தளபதி

ஹென்ரிக் வான் ரீட் என்ற டச்சுப் படைத்தலைவர் வெளியிட்ட 12 தொகுதித் தாவரப் புத்தகம், 'ஹோர்டூஸ் மலபாரிக்கூஸ்'. அதன் முதல் செடி தென்னை. பீரங்கி இல்லை, பிடித்த கோட்டையின் படம் இல்லை. தளபதிகளின் நினைவுக் குறிப்புகள் சிலவற்றைப் படித்து நொந்தவன் நான். எல்லாவற்றிலும் எதிரி மடையன், மழை சதிகாரன். அதனாலேயே இந்த மனிதர்மேல் ஒரு பிரியம்.

ஆனால் சும்மா செடி பார்க்க வந்தவரில்லை. கொச்சி அரச குடும்பத்துக் கிளைகளுக்குள் பட்டம் யாருக்கு என்று அடிதடி. மூத்த தாவழி இளவரசர் வீர கேரள வர்மா டச்சுக்காரர்களிடம் போய் முறையிட்டார். எதிர்த்தரப்புக்குப் போர்ச்சுகீசியர் துணை. 1662இல் மட்டாஞ்சேரியில் நடந்த சண்டையில் அரசர் ராம வர்மா செத்தார், முதிய ராணி கங்காதர லட்சுமி சிறைப்பட்டார். ராணியைப் பிடித்தவர் வான் ரீட். அடுத்த ஜனவரியில் கொச்சிக் கோட்டையும் விழுந்தது. இன்று மட்டாஞ்சேரி அரண்மனையில் கூட்டமெல்லாம் ராமாயணச் சுவரோவியத்தின் முன்னால்தான். ராணியை யார் கேட்கிறார்கள்?

1669இல் வான் ரீடே மலபாருக்குத் தளபதியாக வந்தார். இலங்கையிலிருந்த மேலதிகாரி வான் கூன்ஸுக்குக் கொழும்புதான் எல்லாம், இவருக்குக் கொச்சி. மலபார் மண் எவ்வளவு வளம் என்று காட்டுவதும் இந்தப் புத்தகத்தின் ஒரு நோக்கம் என்கிறார்கள். ஆபீஸ் சண்டைக்குப் பன்னிரண்டு தொகுதியில் பதில் சொன்னவர் வேறு யாராவது உண்டா!

ஆனால் என்னை விடாமல் இழுப்பது முதல் தொகுதியில் அச்சாகியிருக்கும் ஒரு சான்றுக் கடிதம். தேதி 1675 ஏப்ரல் 20. எழுதியவர் சேர்த்தலை பக்கத்துக் கடக்கரப்பள்ளியின் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். எழுத்து கோலெழுத்து, நம் வட்டெழுத்துக்கு உறவுக்காரன். தளபதி சொல்லி அனுப்பியதால் கொச்சிக் கோட்டைக்கு வந்தேன், குடும்பத்து ஏடுகளில் உள்ளபடி மரம், செடி, கொடிகளின் பெயரும் குணமும் சொன்னேன் என்பதே சாரம். அவர் மலையாளத்தில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் கர்னேரு அதைப் போர்ச்சுகீசில் ஆக்க, கடைசியில் அது லத்தீனாயிற்று. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களின் சான்றும் அதே தேதியில்தான். அந்தக் காலத்துச் சாதித் தூரத்தை நினைத்தால், இவர்களை ஒரே புத்தகத்தின் முகப்பில் உட்காரவைத்தது கோட்டையைப் பிடித்ததைவிடக் கடினமான காரியம். கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகத்து வைத்தியர் சொல்லிக்கொடுத்த புத்தகம் தென்னையில் தொடங்குவதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு வான் ரீட் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தணிக்கை அதிகாரியாகத் திரும்பிவந்து, சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றவைத்தார். 1691 டிசம்பரில் பம்பாய்க்கு அருகே கப்பலில் மரணம். சூரத்தில் கோபுரம்போலக் கல்லறை. கடைசித் தொகுதி அச்சானது 1693இல். லின்னேயஸ் தாவரங்களுக்குப் பெயர் வைக்கும்போது புரட்டியதும், தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் பல ஆண்டு உழைத்து ஆங்கிலத்தில் தந்து 2003இல் வெளிவந்ததும் இந்தப் புத்தகமே. வைத்தியர் வீட்டு மூல ஏடுகள் எங்கே என்று கேட்டால்தான் எல்லாரும் கையை விரிக்கிறார்கள்.