சின்ன வெங்காயத்துக்கும் செல்போன் சிப்புக்கும் என்ன சம்பந்தம்?

"சார், மூணு மாசம் முன்னாடி பொண்ணுக்குப் பாத்து வச்ச லேப்டாப்புங்க. இப்ப போனா அதுக்கே எட்டாயிரம் கூடக் கேக்குறாங்க. கடைக்காரன் ஏமாத்துறானா, இல்ல நெசமாவே ஏறிடுச்சா?"

சுகர் மாத்திரைக்கு வந்த ஒருவர் போன வாரம் கேட்டது. வெளியே இன்னும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நெசமாவே ஏறிடுச்சுண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஏன் ஏறியது என்பதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

லேப்டாப் விலையில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு குளுக்கோமீட்டரில் சிப் இருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில், ஈசிஜி மெஷினில், ஸ்கேன் மெஷினில், வென்டிலேட்டரில் எல்லாம் இருக்கிறது. சிப்புக்கு வரிசை நின்றால் அந்த வரிசையில் நாங்களும் நிற்கிறோம். அதுவும் கடைசியில்.

முதலில் ஒரு விஷயம். சிப் செய்ய மூலப்பொருள் சிலிக்கான், அதாவது மணலில் இருப்பது. உலகத்தில் அதற்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் என்பது ஆலைக்கு. ஒரு நவீன சிப் ஆலை கட்ட ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஆகும். இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். ஆலை தயாராக இருந்தாலும் ஒரு வட்டத் தட்டு, அதாவது வேஃபர், உள்ளே போய் வெளியே வர சுமார் மூன்று மாதம். இன்று கேட்டு நாளைக்கு வாங்குகிற சரக்கு இல்லை இது.

வெளியே வந்த வேஃபரை அப்படியே போனில் ஒட்ட முடியாது. அதைத் துண்டு துண்டாக அறுத்து, முடியை விட மெல்லிய கம்பியால் கால் வைத்து, கறுப்பு பிளாஸ்டிக்கில் மூடி, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்ட வேலையில் உலகத்தில் நடப்பதில் சுமார் 13 சதவீதம் ஒரே நாட்டில் நடக்கிறது. மலேசியாவில்.

பூலாம்பாடிக்காரர்கள் இப்போது நிமிர்ந்து உட்காருவீர்கள். நம்ம ஊரில் எந்தத் தெருவில் கேட்டாலும் மலேசியாவில் ஆள் இருக்கும். "மாமா மலேசியாவுல", "மச்சான் ஜோகூர்ல" என்று கேட்டுக்கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் என்றொரு தொழிற்பேட்டை. 1972-ல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் வைத்தது. அரை நூற்றாண்டாக உலகத்தின் சிப்புகள் அங்கே வந்துதான் சட்டை போட்டுக்கொண்டு போகின்றன.

இப்போது 2020-க்குப் போவோம்.

ஏப்ரல் 2020. முழு ஊரடங்கு. அந்த ஒரு மாதம் மாருதி கம்பெனி இந்தியாவில் விற்ற கார்களின் எண்ணிக்கை பூஜ்ஜியம். உலகம் முழுக்க இதே கதைதான். கார் கம்பெனிகள் பயந்துபோய் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அதே நேரம் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ், பெரியவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை. லேப்டாப், டேப்லெட், போன் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. காலியான இடத்தை அந்தக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன.

ஆறு மாதம் கழித்து மக்கள் மறுபடி கார் வாங்கக் கிளம்பினார்கள். கார் கம்பெனிகள் சிப் ஆலைக்கு ஓடினால், "போய் வரிசையில நில்லுங்க" என்றார்கள்.

பட்ட காலிலேயே படும் என்பார்களே, 2021 அப்படித்தான் ஆரம்பித்தது. பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயல். மின்சாரம் இல்லாமல் ஆஸ்டின் நகரச் சிப் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸ் கம்பெனியின் நாக்கா ஆலையில் தீ. தைவானில் ஐம்பது வருடங்களில் இல்லாத வறட்சி. சிப் கழுவ நல்ல தண்ணீர் ஏராளமாக வேண்டும் என்பதால் ஆலைக்கு லாரியில் தண்ணீர் போனது.

பிறகு மலேசியாவில் டெல்டா அலை.

இந்தக் கட்டத்தை ஒரு டாக்டராகக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜூன் 1, 2021 முதல் மலேசியாவில் முழு ஊரடங்கு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்று. மூன்று கோடிச் சொச்சம் மக்கள் உள்ள நாட்டுக்கு அது பயங்கரமான எண். சிப் வேலை அத்தியாவசியம் என்று அரசு குறைந்த ஆட்களோடு அனுமதித்தது. ஆனால் உள்ளே வேலை செய்வது மனிதர்கள். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் வரும். ஜோகூர் மாநிலத்தின் மூவாரில் உள்ள எஸ்டி மைக்ரோ ஆலையின் பகுதிகளை மூட வேண்டி வந்தது.

விளைவு? செப்டம்பர் 2021-ல் ஹரியானா, குஜராத் ஆலைகளில் வழக்கமான உற்பத்தியில் 40 சதவீதம் அளவுக்குத்தான் நடக்கும் என்று மாருதியே அறிவித்தது. அந்தத் தட்டுப்பாட்டுக்கு மலேசியா ஒரு பெரிய காரணம். அதே செப்டம்பரில் வருவதாக இருந்த ஜியோபோன் நெக்ஸ்ட், சிப் இல்லாமல் தீபாவளிக்குத் தள்ளிப்போனது. மூவாரில் ஒரு தொழிலாளிக்கு இருமல். இங்கே பெரம்பலூரில் கார் புக் பண்ணினவருக்கு ஆறு மாதக் காத்திருப்பு. கிருமி விமானம் ஏறாமலேயே வந்து சேர்ந்த இடம் அது. அந்த மாதங்களில் "என் புருஷன் அங்க எப்படி இருக்காரோ" என்று கேட்டு என்னிடம் அழுத பெண்களுக்கு இந்தக் கார்க் கணக்கெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தட்டுப்பாட்டை இன்னும் மோசமாக்கியது பயம். பத்து வேண்டிய இடத்தில் இருபது ஆர்டர். ஒரே சரக்குக்கு மூன்று இடத்தில் ஆர்டர். இது நமக்குப் புதுசில்லை. 2021 ஏப்ரல், மே-யில் ரெம்டெசிவிருக்காக சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கா? தேவைப்பட்டவர்களும் நின்றார்கள், "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்" என்றவர்களும் நின்றார்கள். கம்பெனிகளும் அதைத்தான் செய்தன. கோட் சூட் போட்டுக்கொண்டு செய்தன, அவ்வளவுதான்.

இனி என் கதை. 2021 கடைசியில் ஒரு மானிட்டருக்கு ஆர்டர் கொடுத்தேன். நெஞ்சுத்துடிப்பு, பிபி, ஆக்சிஜன் எல்லாம் ஒரே திரையில் காட்டுமே, அது. கம்பெனி பெயர் வேண்டாம். ஆறு வாரம் என்றார்கள். ஏழு மாதம் ஆனது. கேட்டால், ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் வரலையாம். மெஷின் விலையில் அது ஒரு தூசு.

அந்த ஏழு மாதமும் இருந்த ஒரே பழைய மானிட்டரை இரண்டு கட்டிலுக்கு மாற்றி மாற்றி மாட்டினோம். பாம்பு கடித்து வந்தவருக்கு மாட்டினால், பக்கத்தில் நெஞ்சுவலியோடு 108-க்குக் காத்திருப்பவருக்கு நர்ஸ் தங்கச்சி கையால் நாடி பிடித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதினாள். ஒன்றும் விபரீதம் நடக்கவில்லை. நடந்திருக்கலாம்.

ஏன் மருத்துவக் கருவிகள் கடைசியில் நிற்கின்றன? போன் கம்பெனி கோடிக்கணக்கில் சிப் வாங்கும். மானிட்டர் கம்பெனி சில ஆயிரங்களில் வாங்கும். சிப் ஆலைக்காரர் யாருடைய போனை முதலில் எடுப்பார்? இரண்டாவது, எங்கள் கருவிகளில் இருப்பது பெரும்பாலும் பழைய தலைமுறைச் சிப். லாபம் குறைவு என்பதால் அதற்குப் புது ஆலை கட்ட யாருக்கும் மனசு வராது. மூன்றாவது, வேறு சிப் போட்டு ஓட்டலாமே என்றால், மருத்துவக் கருவியில் ஒன்றை மாற்றினால் மறுபடி சோதனை, மறுபடி அனுமதி. தூக்கத்தில் மூச்சுத் திணறுபவர்களுக்கான கருவி செய்யும் ரெஸ்மெட் என்ற பெரிய கம்பெனியே, தகவல் அனுப்பும் சிப் கிடைக்காமல், பழையபடி மெமரி கார்டு போடும் மாடலை 2022-ல் இறக்கியது. அவர்களுக்கே அந்த நிலை.

சரி, அது முடிந்த கதை. இப்போது ஏன் ஏறுகிறது?

இதற்கு பெரம்பலூர்க்காரனுக்குப் பாடமே எடுக்க வேண்டாம். சின்ன வெங்காயம் கிலோ நூறைத் தாண்டினால் என்ன செய்வோம்? அடுத்த பட்டத்தில் ஊரே வெங்காயம் நடும். எழுபது நாள் கழித்து எல்லார் காடும் ஒரே நேரத்தில் அறுவடைக்கு வரும். விலை படுத்துவிடும். பட்டறை போட்டு வைத்ததும் அழுகும். கை சுட்டவர்கள் மக்காச்சோளத்துக்கு மாறுவார்கள். அந்த வருடம் பார்த்து திருகல் நோயும் வந்தால், மறுபடி நூறு ரூபாய்.

மெமரி சிப், அதாவது உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் இருக்கும் ராம், இதே வெங்காயம்தான். ஒரே வித்தியாசம், அதன் பட்டம் எழுபது நாள் இல்லை, மூன்று வருடம். அதை நடுபவர்களும் ஊரெல்லாம் இல்லை. சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து உலகச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கு. பஞ்சத்தில் எல்லோரும் வாங்கிக் குவித்ததால் 2022 பின்பாதியில் சரக்கு தேங்கியது. 2023-ல் விலை அதலபாதாளம். சாம்சங்கின் சிப் பிரிவே பெரும் நஷ்டம் காட்டியது. மூவரும் உற்பத்தியைக் குறைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏ.ஐ. வந்தது. சாட்ஜிபிடி மாதிரி சேவைகளை ஓட்டும் டேட்டா சென்டர்களுக்கு எச்.பி.எம். என்ற விசேஷ மெமரி வேண்டும். அடுக்கடுக்காகக் கட்டிய அந்த மெமரி, சாதாரண ராமை விட ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபரைத் தின்னும். லாபமோ பல மடங்கு. இருக்கிற காடு அதே காடு. கூடுதல் விலை தருபவனுக்கு அதில் பாதியைக் குத்தகைக்கு விட்டால், உள்ளூர்ச் சந்தைக்கு வரும் வெங்காயம் குறையத்தானே செய்யும்?

2025 கடைசியில் கடைகளில் ராம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் போனது. டிசம்பர் 2025-ல் மைக்ரான், பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த தன் 'குரூஷியல்' பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கவே சரக்கு போதவில்லையாம். சில்லறை வாங்கும் நீங்களும் நானும் வேண்டாம் என்பதன் நாகரிக வடிவம் அது.

அதற்காக விலை ஏற்றம் எல்லாமே சிப்பால்தான் என்று நம்பிவிடாதீர்கள். 2021 கோவிட் நேரத்தில் ஆக்சிமீட்டர் விலை எகிறியதற்குப் பெரும் பங்கு நடுவில் வைத்த லாபம். அதனால்தான் ஜூலை 2021-ல் மத்திய அரசு ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், பிபி மானிட்டர், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் வியாபார லாபத்தை 70 சதவீதத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. 70 சதவீதத்தையே கட்டுப்பாடு என்கிறார்கள் என்றால், அதற்கு முன் எவ்வளவு வைத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"நம்ம நாட்டுலயே செஞ்சா என்ன?" நல்ல கேள்வி. நாம் தாமதமாகத் தொடங்கியவர்கள் இல்லை. 1980-களிலேயே மொஹாலியில் அரசு சிப் ஆலை ஓடியது. 1989-ல் அது தீக்கிரையானது. எழுந்து வருவதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிவிட்டது. இப்போது குஜராத்தின் தொலேராவில் டாடா, தைவான் கம்பெனியோடு சேர்ந்து ஆலை கட்டுகிறது. சானந்திலும் அசாமிலும் வருபவை, பினாங்கு 1972-ல் தொடங்கிய அதே அறுத்து மூடிச் சோதிக்கும் வேலை. அதைக் குறைவாகச் சொல்லவில்லை. பினாங்கு அதில்தான் வளர்ந்தது. ஆனால் இதனால் வரும் தீபாவளிக்கு லேப்டாப் விலை குறையும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

எப்போதுதான் குறையும் என்று கமெண்டில் கேட்பீர்கள். மைக்ரான் அமெரிக்காவின் ஐடஹோவில் கட்டும் புது ஆலையில் முதல் வேஃபர் 2027-ல் என்கிறது. அதுவரை பெரிய இறக்கம் வரும் என்று நான் காத்திருக்க மாட்டேன். பிள்ளைக்குப் படிப்புக்கு லேப்டாப் வேண்டும் என்றால் வாங்கிவிடுங்கள். போன் நன்றாக ஓடுகிறது, பேட்டரிதான் நிற்கவில்லை என்றால், பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

மருத்துவக் கருவியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தட்டுப்பாடு வந்தாலே போலி வரும். 2021-ல் பேனாவை மாட்டினாலும் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டர் வீடியோக்கள் சுற்றின, பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாத குளுக்கோமீட்டரைப் பார்த்து இன்சுலின் அளவை நீங்களே மாற்றாதீர்கள். புது மெஷின் வாங்கினால் ஒருநாள் கிளினிக்குக்கு எடுத்து வாருங்கள். லேப் ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறேன், அதற்குக் காசு இல்லை.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து முள் வைத்த பிபி மெஷின் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் சிப்பே கிடையாது. டியூப் ஓட்டை இல்லாமல், முள் பூஜ்ஜியத்தில் நின்றால் போதும். அதையும் கொண்டு வாங்க, சரிபார்த்து எப்படிப் பார்ப்பது என்று உங்கள் வீட்டில் ஒருத்தருக்குச் சொல்லித் தருகிறோம். செவ்வாய், வெள்ளி மதியம் மூணு மணிக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும்.