ஒன்றரை அங்குலத்தின் கணக்கு

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் டுரியான் தோப்புகளும்தான். இந்தப் பக்கத்தில் பிக்கப் உழைக்கிற வண்டி. செம்பனைக் குலை ஏற்றும், உரமூட்டை ஏற்றும், மழை விட்ட கையோடு செம்மண் மேட்டில் ஏறும். அப்படிப்பட்ட வண்டிகளை உயர்த்திப் பெரிய டயர் போட்டுத் தருகிற ஒரு வொர்க்‌ஷாப்பில்தான் நான் வேலை கற்றேன். கற்றுத் தந்த அண்ணன் தோட்டத்து டிராக்டர்களைப் பழுது பார்த்து வந்தவர். யார் வண்டி கொண்டு வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இந்த வண்டி என்ன சுமக்குது?”

அந்தக் கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை. உயரம் கேட்டு வந்தவரிடம் சுமையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? வேலை பிடிபடப் பிடிபடத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், தாய்லாந்தின் புரொஃபெண்டர் என்று முழுத் தொகுதியாக வாங்கினால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதிதாக வரும், சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். எங்களிடம் வருபவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. குறைந்த செலவில் செய்கிற வேலைக்குத்தான் கூடுதல் யோசனை தேவை. எதை வாங்காமல் விடலாம், எதை வாங்காமல் விடவே கூடாது என்பதை அந்த வண்டியின் சுமைதான் சொல்லும்.

எங்களிடம் அதிகம் வந்தது முதல் தலைமுறை இசுசு டி-மேக்ஸ். 2002-இல் தாய்லாந்தில் வெளிவந்த வண்டி. அதன் நான்கு சக்கர இழுவை மாடலில் முன்னால் காயில் ஸ்பிரிங் இருக்காது. டார்ஷன் பார் என்கிற நீண்ட எஃகுக் கம்பிதான் பக்கத்துக்கு ஒன்றாக வண்டியைத் தாங்கும். கம்பியின் ஒரு முனை சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையோடு சேர்ந்திருக்கும். மறுமுனை சேஸியின் குறுக்குச் சட்டத்தில் ஒரு நெம்புகோலில் உட்கார்ந்திருக்கும். அந்த நெம்புகோலைத் தாங்கும் போல்ட்டை முறுக்கினால் வண்டியின் முன்பக்கம் மேலே வரும். புதிதாக ஒரு பாகமும் வாங்க வேண்டியதில்லை. உலகம் முழுக்கச் செலவில்லாத லிஃப்ட் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த போல்ட்டைத் தொட அண்ணன் என்னை உடனே விடவில்லை. முதலில் கையில் கொடுத்தது அளவு நாடா. தரையிலிருந்து அளக்கப் போனேன். “தரையை விடு. டயர்ல காத்து கூடக் குறைய இருந்தா அளவு பொய் சொல்லும். சக்கரத்து நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அள” என்றார். நான்கு மூலையிலும் அளந்து, மட்கார்டின் உட்புறத்தில் சாக்கட்டியால் எழுதி வைப்போம். பெரும்பாலான பழைய வண்டிகள் ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமல் இரு பக்கமும் ஒரே சுற்று முறுக்கினால், சாய்ந்த வண்டி சாய்ந்தபடியே உயரும்.

அடுத்து, போல்ட்டின் மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று குறித்து, ஒரு பெயின்ட் கோடும் போட்டு வைப்போம். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்குகிற நிலையில் கம்பியின் இறுக்கத்தைக் குறைத்து, மரையில் கிரீஸ் தடவிய பிறகுதான் ஸ்பானர் போகும். பாரம் ஏறிய நிலையில் முறுக்கினால் மரை தின்றுவிடும். கொஞ்சம் முறுக்கி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பானெட்டை அழுத்திக் குலுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஜாக்கிலிருந்து இறக்கியவுடன் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நிற்கும், வண்டி உள்ளதைவிட உயரமாகத் தெரியும். உருட்டினால்தான் அது தன் இடத்தில் உட்காரும்.

இந்த வேலையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் கம்பி இறுகி ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பார்கள். கம்பியின் விறைப்பைத் தீர்மானிப்பது அதன் நீளமும் பருமனும் எஃகும்தான். சக்கரத்தில் இறங்கும் எடை மாறாதபோது கம்பியில் உள்ள முறுக்கும் ஏறக்குறைய மாறாது. முறுக்கு தொடங்கும் இடம்தான் நகர்கிறது. பிறகு ஏன் அதிகம் உயர்த்திய வண்டி குதிக்கிறது? சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை நாம் தின்றுவிட்டோம். சின்னப் பள்ளம் வந்தாலும், சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் மேல்கை தன் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கிறது. இதனால்தான் அண்ணன் ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அந்த ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே விரல் வைத்துப் பார்ப்பார். அந்த இடைவெளி அவருக்கு அளவு நாடாவைவிட முக்கியம்.

இன்னொரு எல்லையும் உண்டு. முன் டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்து மேலே போகும், சக்கரம் கீழேயே நிற்கும். நடுவில் இருக்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் செங்குத்தாகிக்கொண்டே போகும். அந்த ஷாஃப்ட்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும். கிழிந்த உறைக்குள் செம்மண் போனால் ஜாயின்ட் போயே போச்சு. அதனால் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர், அதற்கு மேல் போல்ட்டால் உயர்த்துவதில்லை என்பது எங்கள் வொர்க்‌ஷாப்பின் சட்டம். அதற்கு மேல் வேண்டும் என்றால் டிஃபரன்ஷியலை இறக்க வேண்டும், மேல்கையை மாற்ற வேண்டும். அது வேறு பட்ஜெட்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அங்கே மலிவான வழிகள் மூன்று. முதலாவது நீளமான ஷேக்கிள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது: ஷேக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையைத்தான் பிடித்திருக்கிறது, ஆக்ஸில் நடுவில் இருக்கிறது. ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும். கூடவே ஆக்ஸில் லேசாகத் திரும்பி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் கோணமும் மாறும். இரண்டாவது, ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது. ஓட்டம் பழையபடி மென்மையாகவே இருக்கும். ஆனால் கட்டை உயர உயர, பாரத்தோடு மேட்டில் கிளட்ச் விடும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். கட்டை மேல் கட்டை அடுக்குவதை அண்ணன் ஒருபோதும் அனுமதித்ததில்லை. மூன்றாவது, ஸ்பிரிங் அடுக்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது. உயரமும் கிடைக்கும், சுமை தாங்கும் பலமும் கூடும். காலியாக ஓடினால் முரடாக இருக்கும்.

“என்ன சுமக்குது?” என்ற கேள்விக்கு இங்கேதான் வேலை. குலை ஏற்றுகிற வண்டிக்குக் கூடுதல் பட்டை. வாரக் கடைசியில் குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போகிறவருக்கு ஒரு அங்குலக் கட்டை. இருவருக்கும் ஒரே உயரம் கிடைக்கும், ஆனால் இருவரின் இடுப்புக்கும் ஒரே வேலை ஒத்துக்கொள்ளாது.

பட்டை சேர்க்கிற வேலையில் கை பழகச் சில மாதம் பிடித்தது. சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக்கில் தாங்கி, யூ-போல்ட்டுகளைக் கழற்றி அடுக்கை வெளியே எடுக்க வேண்டும். நடு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் இரு பக்கமும் கிளாம்ப் போட்டே ஆக வேண்டும். அந்தப் பட்டைகள் வளைந்த நிலையில் அடைபட்டுக் கிடப்பவை. கிளாம்ப் இல்லாமல் நட் கழன்றால் அவை விரிகிற வேகத்தில் விரல் போய்விடும். புதுப் பட்டையை அதன் நீளத்துக்குரிய இடத்தில் செருகி, நீளமான புது நடு போல்ட் போட்டு இறுக்குவோம். அந்த போல்ட்டின் தலைதான் ஆக்ஸில் மேல் இருக்கும் குழியில் உட்கார்ந்து ஆக்ஸிலை இடத்தில் வைக்கிறது. அது குழியில் சரியாக இறங்காவிட்டால் ஆக்ஸில் கோணலாகும், வண்டி நண்டு நடை போடும்.

யூ-போல்ட் விஷயத்தில் அண்ணன் பேரம் பேசவே மாட்டார். ஒருமுறை முழு இறுக்கத்துக்குப் போன யூ-போல்ட் இழுபட்டிருக்கும். அதையே திரும்பப் போட்டால் இறுக்கம் நிற்காது. அடுக்கு தடித்ததால் பழையது நீளமும் போதாது. “காசு குறைக்கணும்னா என் கூலியைக் குறைச்சுக்கிறேன், யூ-போல்ட்டைக் குறைக்க மாட்டேன்” என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகச் சொல்வார். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியைத் திரும்ப வரச்சொல்லி யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்கித் தருவதும் அந்த வேலையில் அடக்கம். வராதவர்களுக்கு நானே போன் போடுவேன்.

ஸ்பிரிங் கண்ணிலும் ஷேக்கிளிலும் இருக்கும் போல்ட்டுகளுக்கு இன்னொரு ஒழுங்கு. சக்கரம் தொங்கும்போது அவற்றைக் கையிறுக்கமாக மட்டும் விட வேண்டும். வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கம். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் அண்ணன் என்னைக் கீழே படுக்கச் சொல்வார். பின் பிரேக் ஹோஸ் இழுபடாமல் தொங்குகிறதா? இரண்டு துண்டாக வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங்கை சிறு தகடு வைத்து இறக்க வேண்டுமா? எல்லாவற்றையும்விட முக்கியமானது, பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும் சுமை உணரும் பிரேக் வால்வு. வண்டியில் பாரம் ஏறினால் பின்பக்கம் தாழும். அந்தத் தாழ்வை உணர்ந்து வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். நாம் வண்டியை உயர்த்தியதும், பாரமே இல்லை என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். குலை நிரம்பிய வண்டி இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். வால்வின் பிடிமானத்தையோ கம்பியையோ உயர்த்திய அளவுக்கு ஈடு செய்தால் தீர்ந்தது. சின்ன இரும்புத் துண்டு, உயிர்க்காப்பு. பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள் என்பதை, வேறு எங்கோ உயர்த்திவிட்டு எங்களிடம் வந்த வண்டிகளின் கீழே படுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி டயர். அண்ணன் எனக்குச் சொன்ன ஒரு உண்மை இந்தத் தொழிலையே வேறு கண்ணால் பார்க்க வைத்தது: ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பின் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. அது ஆக்ஸிலோடு இருக்கிறது, ஆக்ஸில் டயர் மேல் நிற்கிறது. பாதையின் நடு மேட்டில் இடிக்கிற அந்தக் குண்டை உயர்த்துவது டயர் ஒன்றே. ஸ்பிரிங்கை உயர்த்துவது அந்த டயருக்கு இடம் கொடுப்பதற்கும், சேஸியும் பம்பரும் மேட்டில் இடிக்காமல் இருப்பதற்கும்தான்.

கணக்கைத் தாளில் போடச் சொல்வார். டி-மேக்ஸின் அளவு 245/70 ஆர்16. அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 70 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். மொத்த விட்டம் ஏறக்குறைய 749 மில்லிமீட்டர். 265/70 ஆர்16 போட்டால் 777. விட்டத்தில் கூடிய 28-இல் பாதிதான் ஆக்ஸிலுக்குக் கீழே கிடைக்கும், 14 மில்லிமீட்டர். 265/75 ஆர்16 என்றால் விட்டம் 804, கிடைப்பது 27. ஆனால் அந்தப் பெரிய டயரில் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். கியர் எல்லாம் நீண்டுபோனது மாதிரி இழுவை குறையும், பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் கூடும். மேட்டில் பாரம் இழுக்கிற வண்டிக்கு 265/70 போதும் என்று நாங்கள் பெரும்பாலும் சொல்வது இதனால்தான்.

பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு நான் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைக் காட்டுவேன். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வயதான ரப்பர் வெடித்துக் கிடக்கும். சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். பழைய டயரைவிடக் குறைந்த சுமை எண் உள்ளது, எவ்வளவு மலிவாக வந்தாலும், குலை ஏற்றுகிற வண்டிக்கு ஆகாது.

டயர் மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஒரு முன் சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றி, அந்த நிலையில் ஒடித்துப் பார்க்க வேண்டும். மட்ஃப்ளாப்பிலும் உள் பிளாஸ்டிக்கிலும் உரசுவது அப்போதுதான் தெரியும். பிறகு அலைன்மென்ட். முன்பக்கம் உயர்ந்ததும் சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பர், டோ, காஸ்டர் மூன்றுமே மாறியிருக்கும். மேல்கையின் ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துக் கேம்பரையும் காஸ்டரையும், டை ராடைச் சரிசெய்து டோவையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதற்குக் காசு வைக்காதவர், புது டயரின் ஒரு ஓரத்தை ரோட்டுக்குத் தின்னக் கொடுக்கிறார்.

கடைசியாக ஹெட்லைட். முன்பக்கம் உயர்ந்த வண்டியின் வெளிச்சம் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணில் அடிக்கும். சுவர் முன்னால் நிறுத்தி விளக்கைத் தாழ்த்தாமல் சாவியைக் கொடுப்பதில்லை. சாலைப் போக்குவரத்துத் துறைக்கு வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய விதிகள் இருக்கின்றன என்பதையும், சரக்கு வண்டியாகப் பதிவானவை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கலாம் என்பதையும் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவோம். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களைத் தடுப்பதில்லை.

இப்போது வாடிக்கையாளரிடம் முதலில் பேசுவது நான். கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்று சொல்பவருக்கு என்னிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நல்ல டயர், வேலைக்குப் போதுமான அளவில் மட்டும். அடுத்து புது யூ-போல்ட், பிரேக் வால்வின் ஈடு, அலைன்மென்ட். இவற்றுக்கெல்லாம் ஒதுக்கியது போக மிஞ்சுவதற்கு ஏற்ற உயரம். ஒரு அங்குலம்தான் மிஞ்சுகிறது என்றால் ஒரு அங்குலம் போதும். மலிவாகச் செய்வதை நான் குறைவாக நினைப்பதில்லை. வண்டியின் ஒவ்வொரு மூட்டும் தன் கோணத்தில் நின்று, பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடித்தால் அது நல்ல வேலை. அப்படிச் செய்யத்தான் அண்ணன் எனக்குக் கற்றுத் தந்தார். எனக்குக் கீழே வருகிற தம்பிக்கும் முதலில் அளவு நாடாவைத்தான் கொடுக்கிறேன்.